எஞ்சின் எங்கே இருக்கிறது?

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எஞ்சின் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்குமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததுதான்!

மொத்தம் மூன்று இடங்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 போல முன்னால் வைத்தால், எடையை முன், பின் சக்கரங்களுக்கு ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிக்கலாம். கார் நழுவினாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். இருக்கைக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வைத்தால், எடை மையத்தில் குவிவதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்பும். பிடி விட்டால் அதே சுறுசுறுப்போடு சுழலவும் செய்யும். மூன்றாவது இடம் பின் அச்சுக்கும் பின்னால். அங்கே வைத்துப் பேர் வாங்கியது போர்ஷே 911.

1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரின் எடையில் சுமார் 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல். அதனால் வளைவை விட்டு வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் டயர் வழுக்காமல் பாயும். சிக்கல் வேறு இடத்தில். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாயும், பின் டயர்களின் பிடி குறையும், பின்னால் இருக்கும் கனம் பெண்டுலம் மாதிரி வெளியே வீசும். பயந்தால் காலை எடுப்பது மனித இயல்பு. அந்த இயல்பையே தண்டிக்கிற கார் இது! 1975-ல் வந்த 911 டர்போவில், தாமதமாக விழித்துக்கொள்ளும் டர்போவும் சேர்ந்துகொள்ள, 'விதவைகளை உருவாக்கும் கார்' என்றே பட்டப்பெயர் விழுந்தது.

அப்படியானால் எஞ்சினை இடம் மாற்றியிருக்கலாமே? போர்ஷேவும் முயன்றது. 1977-ல் முன்பக்க எஞ்சினோடு 928 வந்தது, ஐரோப்பாவின் 1978-ம் ஆண்டுக் கார் விருதும் வாங்கியது. ஆனால் 1995-ல் நின்றுபோனது 928தான். 911 இன்னமும் ஓடுகிறது. 2017-ல் பந்தயத்துக்கான 911 ஆர்எஸ்ஆரில் எஞ்சினைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்தினார்கள். சாலைக் காரில் கை வைக்கவில்லை.

அது சரியான முடிவுதான். பந்தயத்தில் நொடிகள் முக்கியம். சாலைக் காரை வாங்குகிறவருக்கு அந்தக் காரின் குணம் முக்கியம். 911-ஐ ஓட்டுகிறவர் நேர்ச் சாலையிலேயே பிரேக் போட்டு முடிக்க வேண்டும், வளைவில் காலை ஆடாமல் வைக்க வேண்டும், வெளியேறும்போது தைரியமாக மிதிக்க வேண்டும். இந்தப் பழக்கம் எந்தக் காரிலும் உதவும்.

இன்று அகலமான பின் டயர்களும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடும் பல தவறுகளைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் டயரின் பிடிக்கு மேல் எந்தக் கம்ப்யூட்டராலும் காப்பாற்ற முடியாது. பணம் இருப்பவர்கள் வேகமான காரை வாங்கட்டும். சாவியைத் திருப்பும் முன், எஞ்சின் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.