ஊர்ப் பயணமும் குழந்தையின் அவசரமும்

மே மாதம் நெருங்கிவிட்டால் மும்பையில் நம்மவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு டிக்கெட்டைப் பற்றித்தான். நாகர்கோவில் வண்டியில் இடம் கிடைத்ததா, ஆர்.ஏ.சி.யா, வெயிட்டிங் லிஸ்ட்டா என்று விசாரிப்போம். முறுக்குக்கு மாவு அரைத்தாயிற்றா, மாமியாருக்குப் புடவை எடுத்தாயிற்றா என்று வீட்டில் கேட்பார்கள். இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. இரண்டு, மூன்று வயதுக் குழந்தை ஒன்றரை நாள் ரயிலில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் என்ன செய்யப் போகிறது?

பேசாமல் இருக்கிறோமே தவிர, அதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறோம். தண்ணீரை நிறுத்திவிடுவதுதான் அந்த வழி. "போதும், ரொம்பக் குடிக்காதே, அப்புறம் ஒண்ணுக்கு வரும்" என்று ரயிலில் தாய்மார்கள் சொல்லாத பெட்டி உண்டா? பிள்ளைக்கு மட்டுமல்ல, அந்தத் தாயும் குடிப்பதில்லை. ஈரமும் நாற்றமுமாக இருக்கும் அந்த அறைக்குள் போவதைவிட நாக்கு வறண்டு கிடப்பது மேல் என்று நினைக்கிறாள். சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல் என்று வண்டி போகும் வழியெல்லாம் மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் காயும். ஸ்லீப்பர் பெட்டியில் ஜன்னல் வழியே வருவது காற்றல்ல, அடுப்பு அனல். அந்த அனலில் குழந்தையைத் தாகத்தோடு வைத்திருப்பது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று கேட்பீர்கள். தவறு செய்தவன் என்ற தகுதிதான். 1986-ஆம் ஆண்டு. அப்போது ஊர் பம்பாய். நான் ஒரு மில் ஆபீசில் கிளார்க். தாதரில் சென்னை வண்டி ஏறி, எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டிக்கு மாறித் திருநெல்வேலி போக வேண்டும். மகளுக்கு மூன்று வயது. சாலில் எங்கள் அறை மூலையில் இருந்த மோரியில் ஒன்றுக்குப் போவாள், இரண்டுக்குப் பேப்பர் விரித்தால் உட்காருவாள். சமர்த்தாகப் பழகிவிட்டாள் என்று எங்களுக்குப் பெருமை.

சோலாப்பூர் தாண்டி விடியும் நேரம், எதிர்ப் படுக்கைப் பெரியவர் தம் மடியில் அவளைப் படுக்க வைத்திருந்தார். அவருடைய வேட்டியும் போர்வையும் நனைந்துவிட்டன. அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை தம்பி, குழந்தைதானே" என்றார். எனக்கோ பெட்டி முழுவதும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. மகளை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டேன். அதன் பிறகு அவள் தண்ணீர் கேட்கவில்லை. நாங்களும் கொடுக்கவில்லை. கக்கூசுக்குத் தூக்கிப் போனால், ஓட்டை வழியே கீழே தண்டவாளம் ஓடுவதைப் பார்த்து அலறினாள். ஊர் போய்ச் சேரும்வரை வெளிக்கே போகவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் நான்கு நாள் போகவில்லை. வயிறு கல்லாக இருந்தது. பிறகு உள்ளாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்ததும் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தோம். டாக்டர்தான் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உள்ளே இறுகி அடைத்து நிற்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு வருவதுதான் இந்தக் கசிவு என்று சொன்னார். மூன்று வாரச் சுற்றுலாவில் இரண்டு வாரம் அதற்கே போயிற்று. குற்றாலமும் இல்லை, திருச்செந்தூரும் இல்லை.

குழந்தை ஒரு முறை அடக்கினால் மலம் இறுகும். இறுகியது வெளியேறும்போது வலிக்கும். வலித்ததால் அடுத்த முறை இன்னும் அடக்கும். பயணத்தில் இந்தச் சுழல் எளிதாகத் தொடங்கிவிடுகிறது. அதை அவிழ்க்க வாரங்கள் ஆகும். மிரட்டுவது இந்தச் சுழலை இறுக்குமே தவிர அவிழ்க்காது.

வீட்டில் பழகிய குழந்தை வெளியிடத்தில் மறந்துபோவது பிடிவாதமல்ல. பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் இந்தப் பழக்கத்துக்குத் தயாராகின்றன. இரவில் நனைக்காமல் இருப்பதற்கு இன்னும் காலம் பிடிக்கும். ஐந்து வயதில் நனைத்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. இடம் மாறினால், தூக்கம் கெட்டால், கற்றது நழுவும். ஊருக்குப் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, 'அங்கே போய் மானம் போகக்கூடாது' என்று அவசரமாகப் பழக்கத் தொடங்குகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். திரும்பி வந்து தொடங்குங்கள்.

பெரியவர்களுக்கே இது சாமானியமான சங்கடமா? 1909-ஆம் ஆண்டு ஒகில் சந்திர சென் என்ற பயணி ரயில்வே அதிகாரிக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் புகழ் பெற்றது. பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கிய மனிதர், கார்டு விசில் ஊதியதும் ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னும் விழுந்ததாக முறையிட்டிருக்கிறார். கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வர அந்தக் கடிதமே காரணம் என்றும் சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக் கடிதம் எழுதத் தெரியாது. அழத்தான் தெரியும்.

என்ன செய்யலாம்? முதலில் தண்ணீர். அந்த வயதுக் குழந்தைக்கு நாள் ஒன்றுக்குப் பாலும் மோரும் சேர்த்து ஒரு லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். வெயிலில் இன்னும் கூடுதலாக. ஒரேயடியாக ஊற்றாமல் அரை டம்ளராக அடிக்கடி கொடுங்கள். ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே வரவில்லை என்றாலோ, வந்தது அடர் மஞ்சளாக இருந்தாலோ, படுக்கை நனையவில்லையே என்று மகிழாதீர்கள். அது ஆபத்தின் அறிகுறி. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு கையில் இருக்கட்டும். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கிள்ளிப் போடக்கூடாது.

இரண்டாவது, அப்பா. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை, ஆகவே தனிப் படுக்கையும் இல்லை. அது அம்மாவோடுதான் ஒண்டிக்கொள்கிறது. நனைந்தால் நனைவது அவள்தான். நாம் மேல் படுக்கையில் ஏறிப் புனே வருமுன் குறட்டை விடுகிறோம். ஆடும் வண்டியில் ஒரு கையால் குழந்தை, மறு கையால் கதவு, மூன்றாவது கையால் தண்ணீர் என்று ஒரு பெண் என்ன செய்வாள்? ஒருவர் உள்ளே, ஒருவர் வாசலில் என்று போக வேண்டும். குழந்தையின் முதுகு உங்கள் மார்பில் சாயும்படி, இரு தொடைகளையும் கீழிருந்து பிடித்துத் தூக்கிக்கொண்டால் அதன் கால் எங்கும் படாது, பயமும் பாதி போய்விடும். நம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே குழந்தையை இருத்தி "ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்தார்களே, அதே சூட்சுமம்தான். உடம்போடு உடம்பு ஒட்டியிருந்தால் குழந்தைக்குத் தைரியம் வரும். சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள் குடல் தானே அசையும். அந்த நேரத்தில் கூட்டிப் போங்கள். காலை ஆறிலிருந்து எட்டுவரை வாசலில் வரிசை நிற்கும், முன்னதாகவோ பின்னதாகவோ பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகவே மாட்டேன் என்கிற குழந்தையை வற்புறுத்தாதீர்கள். மூடியுள்ள பழைய ஐந்து கிலோ டால்டா டப்பா ஒன்று போதும். கதவோரத்தில், துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு காரியத்தை முடிக்கலாம். வீட்டில் பேப்பரில் உட்கார்ந்து பழகியதென்றால் பேப்பரையே விரியுங்கள். நேற்றைய இந்தப் பத்திரிகையை விரித்தாலும் ஆசிரியர் கோபிக்க மாட்டார். ஆனால் அதைச் சுருட்டிக் கழிப்பறைக்குள் தள்ளாதீர்கள். இப்போது பெட்டிகளில் இருப்பவை பயோ டாய்லெட். பழைய காலம்போல் தண்டவாளத்தில் விழாது, அடியில் தொட்டி இருக்கிறது. பேப்பரோ, துணியோ, டயப்பரோ உள்ளே போனால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் நாகர்கோவில் வரை பெட்டி முழுவதும் உங்களை வாழ்த்தும். பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கழிப்பறை அசுத்தமாக இருந்தால் 139-க்குப் போன் செய்து சுத்தம் செய்யச் சொல்லலாம், அது உங்கள் உரிமை.

பழகிய பிள்ளைக்கு இரவில் டயப்பர் போட்டால் பழக்கம் கெட்டுவிடும் என்கிறார்கள். ஓரிரு இரவில் ஒன்றும் கெட்டுவிடாது. பகல் முழுவதும் அந்த வெக்கையில் மாட்டிவைத்தால்தான் தொடையிடுக்கு வெந்துபோகும். ஒரு ரப்பர் ஷீட்டும் நான்கு ஜோடி மாற்றுடையும் தோள்பையில் இருக்க வேண்டும். சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டிக்குள் இருந்து பயனில்லை.

ஊர் சேர்ந்த பிறகு இன்னொரு சிக்கல் உண்டு. நம் பிள்ளைகள் பால்வாடியில் மராத்தி பழகி "ஷீ" என்று சொல்லும். ஆச்சிக்கு அது என்னவென்று தெரியாது, ஏதோ வெறுத்து முகம் சுளிக்கிறது என்று நினைப்பாள். (தலைகீழாகவும் நடக்கும். நம் குழந்தை "ஆய்" என்று நெளிய, மராத்தி டீச்சர் அது அம்மாவைத் தேடுகிறது என்று எண்ணி மிட்டாய் கொடுத்த கதை எங்கள் சாலில் பிரசித்தம்.) போனதும் ஆச்சிக்கு அந்தச் சொல்லைச் சொல்லி வையுங்கள். பின்கட்டில் இருக்கும் கழிப்பறையைப் பகலிலேயே குழந்தைக்குக் காட்டி, இரவில் கூடவே விளக்கோடு போங்கள். "ஏட்டி, மூணு வயசாச்சு, இன்னுமா படுக்கையில போற?" என்று நாலு பேர் நடுவில் யாராவது கேட்டால், பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதா என்று தயங்காமல், "சரியாயிரும் அத்தை, விடுங்க" என்று அப்பா சொல்ல வேண்டும். அம்மா சொன்னால் அது மாமியார் மருமகள் சண்டையாகிவிடும்.

அறை வாங்கிய மகளுக்கு இப்போது இரண்டரை வயதில் ஒரு பையன். இந்த மே மாதம் எல்லோரும் ஊருக்குப் போகிறோம். அந்த அறை உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்காகச் சொன்னாளோ என்னவோ. மருமகன் ரப்பர் ஷீட் வாங்கிவிட்டார். அடுக்களை மேல்தட்டில் கிடந்த டால்டா டப்பாவைக் கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறேன்.