இயக்குநரின் கடமை: கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு?

ஜிஎஸ்டி சாலையில் மறைமலை நகரைக் கடந்ததும் வருவது சிங்கப்பெருமாள் கோவில். இங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சாலை பிரிகிறது. அடுத்த ரயில் நிலையமான பரனூரை ஒட்டி மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. குடைவரை நரசிம்மரால் பெயர் பெற்ற இந்த ஊரின் வாடகையும் கடைத்தெரு வியாபாரமும் இன்று சுற்றியுள்ள ஆலைகளின் ஷிப்டு நேரத்தோடு பிணைந்தவை. நிறுவனச் சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் வாகன உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்பது அது சொன்ன காரணம். குஜராத்தின் சானந்த், மறைமலை நகர் ஆலைகளில் சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே கூறியது. உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகள், ஆள்களை ஏற்றி வந்த வேன்கள், உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர்கள் ஆகியோர் அந்தக் கணக்கில் இல்லை. ஓராண்டுக்குள் மறைமலை நகரில் உற்பத்தி நின்றது.

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 166(2) பிரிவு, இயக்குநர் ஒருவர் நிறுவனம், ஊழியர்கள், பங்குதாரர்கள், சமுதாயம் ஆகியோரின் நலனையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் கருதி நல்லெண்ணத்துடன் செயல்பட வேண்டும் என்கிறது. பங்குதாரருக்குச் சமமாக ஊழியரையும் ஊரையும் நிறுத்திய இந்த வாசகம் உலக அளவிலேயே தாராளமானது. ஆனால், இந்தக் கடமையை ஓர் இயக்குநர் மீறினால் கேட்பது யார்? இச்சட்டத்தின் கீழ் குற்றப் புகாரை நிறுவனப் பதிவாளரோ, பங்குதாரரோ, மத்திய அரசு அதிகாரமளித்தவரோதான் கொடுக்க முடியும். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் கூட்டு வழக்குத் தொடுக்கும் உரிமை உறுப்பினர்களுக்கும் வைப்புத்தொகை வைத்தவர்களுக்கும் மட்டுமே உண்டு. 166-ஆம் பிரிவை மீறியதற்கான அபராதம் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை. கார் ஆலை ஒன்றின் இயக்குநருக்கு அது ஒரு பொருட்டாகுமா என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

இன்னொரு விநோதமும் உண்டு. நிறுவனத்தோடு தொடர்புடையோர் அனைவருக்குமானது போன்ற பெயருடன் 178-ஆம் பிரிவு ஒரு குழுவை அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழு தீர்த்துவைக்க வேண்டியதோ பங்குப் பத்திரம் வைத்திருப்போரின் குறைகளை. பெயரில் ஊர் முழுவதும் இருக்கிறது, வேலையில் முதலீட்டாளர் மட்டும்.

ஃபோர்டு இந்தியா ஒரு தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம். சுயேச்சை இயக்குநர் கட்டாயம் என்பதும், முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களிடம் செபி கேட்கும் சமூகப் பொறுப்பு அறிக்கையும் இத்தகைய நிறுவனங்களைத் தொடுவதில்லை. சத்யம் மோசடி 2009-இல் வெளியான பிறகு நாம் இறுக்கிய கண்காணிப்பு பெரும்பாலும் பங்குச் சந்தை முதலீட்டாளரைக் காப்பதற்கானது. இந்தத் தொழிற்பட்டையில் வெளிநாட்டுத் தாய் நிறுவனங்களுக்குச் சொந்தமான ஆலைகள் ஏராளம். அவற்றின் பங்குகள் சந்தைக்கே வருவதில்லை.

ஆலையை மூட அரசின் அனுமதி பெற வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறதே என்று கேட்கலாம். 100 தொழிலாளர்கள் என்றிருந்த அந்த வரம்பு புதிய தொழிலுறவுத் தொகுப்பில் 300 ஆகிவிட்டது. மேலும், அந்த விதி மூடலுக்கான விண்ணப்பத்தைத்தான் ஆராய்கிறது, முடிவெடுத்த இயக்குநர்கள் தங்கள் கடமையைச் செய்தார்களா என்பதை அல்ல.

நஷ்டத்தில் ஓடும் ஆலையைச் சட்டத்தால் ஓட்டிவிட முடியாது. நான் அதைக் கோரவும் இல்லை. கோருவது காரணத்தை அறியும் உரிமையை. அதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றைக் கலைக்கக் கோரும் மனுவில் தொழிலாளர்களும் தங்கள் வாதத்தை முன்வைக்கலாம் என்று தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நீதிபதி பகவதி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, நிறுவனம் என்பது பங்குதாரர்களின் சொத்து மட்டுமே என்ற பழைய எண்ணத்தை ஏற்கவில்லை. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை வலியுறுத்தும் 43அ பிரிவு 1976-லிருந்து அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது.

அதே 1976-இல் ஜெர்மனி, 2,000-க்கும் அதிகமான ஊழியர் கொண்ட நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்களை ஊழியர் தரப்புக்கு ஒதுக்கியது. அதனால் ஆலைகள் மூடப்படாமல் இல்லை. ஜெர்மனியின் சார்லூயி ஆலையிலும் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால், 2022 ஜூனில் நிலைமை தெரிந்த பிறகு உற்பத்தி நின்றது 2025 நவம்பரில். மறைமலை நகருக்குக் கிடைத்த அவகாசத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறைமலை நகர் ஆலையில் புதிய தலைமுறை என்ஜின்கள் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீடு செய்ய ஃபோர்டு 2025 அக்டோபர் 31 அன்று தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. 2029-இல் உற்பத்தி, 600-க்கும் மேற்பட்ட வேலைகள் என்பது திட்டம். வரவேற்க வேண்டிய செய்தி. 166-ஆம் பிரிவைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. ஆனால், முதலீட்டுச் சலுகைகளுக்கான நிபந்தனைகளை எழுதுவது மாநில அரசு. வெளியேறும் முடிவுக்கு முன், ஊழியர் நலனையும் வட்டார நலனையும் எப்படிச் சீர்தூக்கிப் பார்த்தோம் என்று இயக்குநர் குழு எழுத்தில் பதிவு செய்து, அதைத் தொழிற்சங்கத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை இப்போதே சேர்க்கலாம். அதற்கு தில்லியின் அனுமதி தேவையில்லை.