படத்தில் பெரிசு, தோட்டத்தில் சிறிசு!

கேள்வி: “சேர்வராயன் கோயில் பக்கம் இரண்டு ஏக்கரில் அரபிகா காப்பி வைத்திருக்கிறேன். ஏழு வயதுச் செடிகள் ஆங்காங்கே மஞ்சளடித்துக் காய்கின்றன. பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் தண்டு துளைக்கும் வண்டின் படம் பார்த்தேன். கட்டைவிரல் நீளம் இருந்தது. அப்படி ஒரு வண்டு என் தோட்டத்தில் கண்ணில் படவே இல்லை. இது வேறு நோயா? என்ன மருந்து அடிக்கலாம்?”
– ஏற்காடு வாசகர்

பதில்: மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். வண்டுக்குப் பக்கத்தில் சின்னக் கோடு ஏதும் இருக்கிறதா? அந்தக் காலத்து ஓவியர்கள் மீசை, கால், இறக்கைப் பட்டை எல்லாம் தெரியும்படி பூச்சியைப் பெரிதாக வரைவார்கள். நிஜ நீளத்தைக் காட்டப் பக்கத்தில் ஒரு கோடு போடுவார்கள். கல்லூரியில் பூச்சிப் பெட்டி சேர்த்தபோது நானும் அந்தக் கோட்டைக் கவனிக்காமல் பெரிய வண்டாகத் தேடி அலைந்தவன்தான்.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒல்லியான கறுப்பு உடல், அதில் வெள்ளைப் பட்டைகள். ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் மாதங்களில்தான் வெளியே பறக்கும். பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு ஒன்பது, பத்து மாதம் தண்டுக்குள்ளேயே இருந்து மரத்தைக் குடையும். ஆகவே வண்டைத் தேடாதீர்கள், தண்டைத் தடவிப் பாருங்கள். பட்டைக்கு மேல் வளையம்போல் மேடு தட்டுப்பட்டால் உள்ளே புழு இருக்கிறது. பிளந்தால் எச்சம் இறுக அடைத்த குடைவு தெரியும். இனி எந்த மருந்தைத் தெளித்தாலும் அந்தப் புழுவுக்குப் போய்ச் சேராது.

இது புதுத் தொல்லை இல்லை. 1860-களில் குடகு, மைசூர், வயநாட்டுத் தோட்டங்களை இது நாசமாக்கியபோது, சென்னை அரசு டாக்டர் ஜார்ஜ் பிடியை ஆய்வுக்கு அனுப்பியது. 1869-ல் அவருடைய அறிக்கை வந்தது. நிழல் வேண்டும் என்று அவர் அன்றைக்கே சொன்னார். இன்றும் முதல் வைத்தியம் அதுதான். வெயில் படும் தண்டில்தான் வண்டு அதிகம் முட்டையிடும்.

செய்ய வேண்டியவை:

1. பறக்கும் பருவத்துக்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், செடி செடியாகத் தடவிப் பாருங்கள். மேடு உள்ள செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள். விறகுக்கு வேண்டுமென்றால் பத்து நாள் தண்ணீரில் மூழ்க வைத்த பிறகே அடுக்குங்கள். அப்படியே அடுக்கினால் வண்டு விறகிலிருந்து வெளியே வரும்.

2. நல்ல செடிகளில் தண்டையும் கனத்த கிளைகளையும் தேங்காய் மட்டையால் தேய்த்து, செதில் பட்டையை நீக்குங்கள். பச்சைப் பட்டை காயப்படக் கூடாது.

3. 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பு கரைத்து வடிகட்டி, தண்டிலும் கனத்த கிளைகளிலும் தெளியுங்கள்.

4. பறக்கும் பருவத்தில் ஏக்கருக்கு 10 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள்.

5. இடைவெளி விழுந்த இடத்தில் நிழல் மரம் நடுங்கள். மிளகு ஏற்றினால் அதிலும் வருமானம் உண்டு.

ஏழு வருடம் வளர்த்த செடியைப் பிடுங்க மனசு வராது. ஆனால் பாவம் பார்த்து விட்ட ஒரு செடியிலிருந்து கிளம்பும் வண்டு, உங்கள் வேலியோடு நிற்காது. பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசி, இருவரும் ஒரே வாரத்தில் இந்த வேலையைச் செய்யுங்கள். மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு ஊரே மலையேறும் நேரத்தில் வண்டும் பறந்துகொண்டிருக்கும். அதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.