எல்லாரும் வந்தேறிதான்

அருந்ததியரைப் பார்த்து 'வந்தேறி' என்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் இது புதுசில்லை. நாயக்கர் படையோடு தெலுங்கு தேசத்திலிருந்து வந்தவங்களாம். 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது கேட்டது, 2024 ஆகஸ்டில் உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னபிறகும் கேட்கிறது. சாதி இந்து சொன்னால் புரிகிறது. தமிழ்த்தேசியத் தோழர்களும், நம்ம தலித் தோழர்கள் சிலரும் சொல்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டில் தெலுங்கு பேசுகிற அருந்ததியன் நான். யார் முதலில் வந்தது என்று பேசியே தீர்ப்போம்.

அத்திரம்பாக்கம். 1863இல் புரூஸ் ஃபூட் கற்கருவி கண்டெடுத்த இடம். அங்குள்ள கைக்கோடாரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்பு குழு 2011இல் சொன்னது. இதை வைத்து 'தமிழன் 15 லட்சம் வருஷத்துக்காரன்' என்று மேடை போடாதீங்க. அதைச் செதுக்கியது நம்ம மனித இனமே இல்லை. நம்ம இனம் ஆப்பிரிக்காவில் உருவாகிச் சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. லெமூரியாவா? லெமூர் என்கிற விலங்குக்காக 1864இல் ஸ்கிளேட்டர் என்ற வெள்ளைக்காரர் ஊகித்த கண்டம் அது. விஞ்ஞானம் எப்பவோ தூக்கிப் போட்டதை நாம் சுமந்துகொண்டு திரிகிறோம்.

நம்ம ஆட்கள் சுமார் 65,000 - 50,000 ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியக் கடலோரமாக வந்தார்கள் என்பது பலர் ஏற்கும் கருத்து. எவனும் கண்டம் பிடிக்கப் புறப்படவில்லை. சிப்பி, நண்டு பொறுக்கினார்கள். இங்கே தீர்ந்தால் அடுத்த ஆற்று முகம். பிள்ளை பெற்றார்கள், பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். கடல் அப்போது பல மீட்டர் கீழே கிடந்தது, இலங்கைக்குத் தரைவழி. அவர்கள் நடந்த கரை இன்றைக்குத் தண்ணிக்குள்ளே. உடம்புதான் சாட்சி. ஆஸ்திரேலியப் பழங்குடியிடம் உள்ள எம்130 என்ற ஆண்வழி மரபணுக் குறி மதுரைப் பக்கத்துக் கிராமத்திலும் இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பிச்சப்பன் குழு காட்டியது.

பிறகு ஈரான் பக்கத்து ஆதிக்குடிகளோடு உறவுடையவர்கள் கலந்தார்கள். கி.மு. 2000க்குப் பிறகு புல்வெளி மேய்ச்சல்காரர்கள். ராக்கிகடியில் 4,500 ஆண்டுக்கு முன் புதைத்த பெண்ணின் எலும்பில் இந்தப் புல்வெளிக் கலப்பு இல்லை என்று 2019இல் தெரிந்தது. ஆக, வேதமொழியும் வந்தேறிதான்.

ஐதராபாத் தங்கராஜும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2013இல் சொன்னது இன்னும் முக்கியம். சுமார் 4,200 ஆண்டிலிருந்து 1,900 ஆண்டு முன்புவரை இங்கே எல்லாரும் எல்லாரோடும் கலந்திருக்கிறார்கள். அப்புறம் கதவு சாத்தப்பட்டது. பல மேல்சாதிகளில் அது சுமார் 70 தலைமுறைக்கு முன்பு, திடீரென்று நடந்தது என்கிறது கல்யாணி ஆய்வுநிலையத்தின் 2016 ஆய்வு. பஞ்சாப் பிராமணனும் பஞ்சாப் சமாரும் ஒரே வம்சம் என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். நாமதான் படிக்கலை.

வங்கிக் கவுண்டரில் ஒரு பெரியவர் கேட்டார், "தம்பிக்குப் பூர்வீகம் எதுங்க?" எதைத் துழாவுகிறார் என்று தெரியாதா? "ஆப்பிரிக்காங்க" என்றேன். மனுஷர் பாஸ்புக்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்க ஊர் அயோத்தியாப்பட்டணம். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமன் இங்கேதான் முடிசூட்டிக்கொண்டான் என்று கோதண்டராமர் கோயிலுக்குக் கதை இருக்கிறது. வடக்கத்தி ராஜா வழியில் தங்கினால் கோயில். ஆந்திராவிலிருந்து வந்ததாக நீங்கள் சொல்லும் என் பாட்டனுக்கு ஊருக்கு வெளியே சேரி. வந்தது குற்றமென்றால் ரெண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு வேணாமா?

1922இல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசை ஏற்கவைத்தது இழிபெயரை உதறத்தான். அந்த 'ஆதி'யை எடுத்துப் பக்கத்துச் சேரிக்காரன் மேல் எறியவா? மூன்று சதவீதம் தப்பென்றால், யார் இன்னும் சாக்கடைக்குள் இறங்குகிறார்கள் என்ற கணக்கை எடுத்துவந்து வாதாடுங்கள். மறுப்பு எழுதுங்க தோழர்களே, பதில் சொல்ல நான் இருக்கிறேன்.