பொறிக்கு மானியம், பணியாளருக்கு?

முதியோரைப் பேணும் கவலையை இயந்திர மனிதன் தீர்த்துவிடுவான் என்னும் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும் பொறிகளை, 2009-இல் ரிபா என்றும் 2015-இல் ரோபேர் என்றும், அங்குள்ள ரிக்கென் ஆய்வு நிறுவனம் உருவாக்கிக் காட்டியது. பணியாளரின் முதுகெலும்பைக் காக்கும் அம்முயற்சியை நாம் பழிக்கவில்லை. பளு தூக்குவதில் தனிப் புண்ணியம் ஏதுமில்லை.

நாம் மறுப்பது வேறொன்றை. பாரோ என்னும் பொம்மைக் கடல்நாய், தடவினால் முனகும், கண் சிமிட்டும். நினைவு மங்கிய முதியோர் சிலர் அதனால் அமைதியுறுவதும் உண்மையே. ஆயினும் அதைத் துடைக்கவும், மின்னேற்றவும், மடியில் வைத்து அருகமர்ந்து பேசவும் ஓர் ஆள் வேண்டுமே! ஜப்பானிய முதியோர் இல்லமொன்றில் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் ஜேம்ஸ் ரைட் 2023-இல் வெளியிட்ட நூலும், இத்தகைய பொறிகள் பணியாளரின் வேலையைக் கூட்டினவேயன்றிக் குறைக்கவில்லை என்கிறது.

ஆள் கிடைக்கவில்லையாம். எப்படிக் கிடைக்கும்? பராமரிப்பாளரின் ஊதியம் அங்கே பிற தொழில்களின் சராசரியைவிடத் தாழ்ந்தே கிடக்கிறது. 2008-இல் இந்தோனேசியாவிலிருந்தும் 2009-இல் பிலிப்பைன்சிலிருந்தும் பராமரிப்பாளரை வரவழைத்தார்கள். ஜப்பானிய மொழியில் நடக்கும் தேசியத் தேர்வில் தவறியோர் பலர் ஊர் திரும்ப நேர்ந்தது. பொறி வாங்க மானியம் தருகிறவர்கள் முதலில் அந்த ஊதியத்தை உயர்த்தட்டும்.