பத்திரிகைக்காரருக்கு வரலாறு எதற்கு?

மாணவச் செல்வங்களே, உறவுகளே,

இப்படி நம் குடும்பக் குழுவில் ஒருவர் ஏளனமாகக் கேட்டிருந்தார். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமீன் மாலூஃபைப் பாருங்கள். பெய்ரூட்டில் செய்தியாளர். உள்நாட்டுப் போரால் 1976இல் பாரிஸ் போய், பிரெஞ்சு இதழ் ஒன்றின் ஆசிரியரானார். 1983இல் சிலுவைப் போர்களை அரபு வரலாற்றாசிரியர்கள் வழியாக எழுதினார். 1986இல் முதல் நாவல், 1993இல் கோன்கூர் பரிசு.

எதிர்த்தரப்பையும் கேள் என்பது செய்தியாளரின் பாலபாடம். அதைத்தான் வரலாற்றுக்குக் கொண்டுபோனார். குற்றமா?

நாவல் சான்றாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1099இல் ஜெருசலேம் வீழ்ந்ததைப் படையெடுத்தவர்கள் பக்கம் நின்றே உங்களுக்கு நடத்தினேன். வெட்டுப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. அந்தக் குறையை எனக்குக் காட்டியவர் ஒரு பத்திரிகைக்காரர்தான்.

படித்துவிட்டுத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்