ஒரு கம்பு ஒடிச்சுக் கொடுங்க

போன ஞாயிறு, லாபு சாலையோரம் ஒரு செடிக்கடையில் சாண் உயரக் குரோட்டன் கன்றுக்குப் பதினைந்து வெள்ளி கேட்டார்கள். விலை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் குரோட்டனுக்குக் காசு கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். லயத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் குரோட்டன் நிற்கும். புதிதாகக் குடிவந்த பெண்ணின் முதல் பேச்சே, "அக்கா, அந்த மஞ்சப் புள்ளி வச்சதுல ஒரு கம்பு ஒடிச்சுக் கொடுங்க" என்பதுதான். கொடுத்த வீட்டில் செடி பட்டுப்போனால், வாங்கிய வீட்டிலிருந்து அதே செடி திரும்பி வரும்.

கம்பை ஒடித்தால் பால் வடியும். "இதுவும் பால்மரச் சாதிதான்" என்பார் அம்மா. இருபது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவர் சொன்னது உண்மை. ரப்பரும் குரோட்டனும் ஒரே தாவரக் குடும்பம். ரப்பர் பிரேசில் விதையில் முளைத்து, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கியது. குரோட்டன் இந்த வட்டாரத்துக்கே உரியது. மலாய்க்காரர்கள் அதைப் புடிங் என்கிறார்கள்.

குரோட்டன் ஊன்ற, பென்சில் கனத்தில் நுனிக் கம்பாக, அரை அடி போதும். பால் நிற்கும்வரை தண்ணீரில் வையுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே மிஞ்சிய பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரியுங்கள்; வேர் விடுமுன் இலை வழியே ஈரம் போய்விடக் கூடாது. மணலும் தேங்காய் நாரும் கலந்து ஊன்றி நிழலில் வைத்தால் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். அதன் பிறகு வெயில் வேண்டும். நிழலிலேயே கிடந்தால் வண்ணம் மங்கிப் பச்சையாகிவிடும். "கடையில பார்த்த நிறம் வீட்டுல இல்லையே" என்பவர்கள் முதலில் தொட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரிய கிளை வேண்டுமென்றால் ஓர் அங்குலம் பட்டை சீவி, ஈர நார் வைத்து, பிளாஸ்டிக் தாளால் கட்டிப் பதியம் போடலாம்.

காசு கொடுத்துச் செடி வாங்கிய கதையும் எனக்கு உண்டு. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லாரும் கெலாடிக்குப் பின்னால் ஓடினார்கள். வண்ண இலைச் சேம்புதான். சில வகைகளுக்கு நூற்றுக்கணக்கில் விலை. நானும் ஒன்று வாங்கித் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கிழங்கை அழுக வைத்தேன். கெலாடி இலை உதிர்த்தால் செத்துவிட்டதென்று நினைக்காதீர்கள். கிழங்கு தூங்குகிறது; தண்ணீரைக் குறையுங்கள்.

விதை போட்டால் குரோட்டன் தாயின் நிறத்தை அப்படியே கொண்டுவருவதில்லை. கம்பு கொண்டுவரும். தோட்டம் கைமாறி லயத்தை இடித்தபோது, அம்மா ஈரச் சாக்கில் ஏழு கம்புகளைச் சுற்றிக்கொண்டு சிரம்பானுக்கு வந்தார். பெயிண்ட் டின்னில் ஊன்றியதில் மூன்று பிழைத்தன. லயம் இருந்த இடம் எனக்கே இப்போது அடையாளம் தெரியவில்லை. என் வாசலில் நிற்பது, அந்த வாசலில் நின்ற அதே செடி.

பக்கத்து வீட்டு மக்சிக் நேற்று மாலை வேலியோரம் வந்து ஒரு கம்பு கேட்டார். விடிந்ததும் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறிவிட்டால் கம்பு வாடிப்போகும்.